அனுப்பும் தாயும் சிரிக்கும் ஊரும்: பகாசுரன் வதைக் கூத்தில் பெற்றோர் நிலை

ஆய்வுச் சுருக்கம்

பாரதக் கூத்து வரிசையில் பகாசுரன் வதை பெரும்பாலும் பீமனின் பெருந்தீனிக்காகவும் வண்டி ஊர்வலத்துக்காகவும் நினைக்கப்படுகிறது. பிள்ளையை ஆபத்தான ஆட்டத்துக்கு அனுப்பும் பெற்றோரைப் பற்றிய நகைச்சுவையாக அதனைப் படிக்க முடியும் என்பது இக்கட்டுரையின் கருத்து. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் நகைக் கோட்பாடு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. பனி ஹாக்கி ஆடும் பிள்ளைகளின் பெற்றோரைப் பற்றிய கனடிய மேடை நாடகம் ஒன்று ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச் சொற்கள்: தெருக்கூத்து, பகாசுரன் வதை, நகை, மெய்ப்பாடு, குந்தி, பெற்றோர், தருமபுரி.

களம்

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தில் உள்ள பேரூர் மாரண்டஹள்ளி. ஊர்ப்பெயரின் ஈறே இந்நிலத்தின் மொழி வரலாற்றைச் சொல்லிவிடும். தமிழோடு கன்னடமும் தெலுங்கும் வீட்டு மொழிகளாகப் புழங்கும் எல்லைப் பகுதி இது. 1965இல் சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமானது; 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. நிருவாகக் கோடுகள் இவ்வாறு மாறியபோதும், இவ்விரு மாவட்டங்களின் ஊர்களைத் திரௌபதி அம்மன், தருமராசா கோயில்களின் மகாபாரத விழா ஒன்றாகவே கட்டி வைத்திருக்கிறது. பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து, இறுதியில் படுகளமும் தீமிதியும் என அமையும் இவ்விழாவில் கதையும் சடங்கும் ஒன்றையொன்று பிரியாமல் நடக்கின்றன.

இவ்வரிசையில் சில நிகழ்வுகள் கூத்துக் களரிக்குள் அடங்குவதில்லை. அருச்சுனன் தபசில் மரத்தின்மேல் ஏறிய நடிகர் எறியும் எலுமிச்சம்பழத்துக்காகவும் திருநீற்றுக்காகவும் பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் கீழே காத்திருப்பர். படுகளத்தில் ஊர்ப் பொதுநிலமே போர்க்களமாகிவிடும். பகாசுரன் வதையில் பீமன் மாட்டுவண்டியில் சோறும் காய்கனியும் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வருவான். முதல் இரண்டையும் பற்றி விரிவான ஆய்வுகள் உண்டு. ஆல்ஃப் ஹில்டபைட்டலின் திரௌபதி வழிபாடு குறித்த நூல்களும், ரிச்சர்ட் ஃபிராஸ்காவின் தெருக்கூத்து ஆய்வும், ஹன்னே டி புருயினின் கட்டைக்கூத்து ஆய்வும் இத்துறைக்கு அடித்தளமிட்டவை. (தெருக்கூத்தா, கட்டைக்கூத்தா என்ற பெயர் வழக்கு இங்கே தேவையில்லை, வட்டார மக்களுக்கு அது கூத்துதான்.) மூன்றாவதான பகாசுரன் வண்டி மட்டும் ‘வேடிக்கை’ என்ற ஒற்றைச் சொல்லில் கடந்து செல்லப்படுகிறது. கூத்தின் நகைச்சுவை என்றதும் கட்டியங்காரனை மட்டுமே எண்ணும் பழக்கம் இதற்கு ஒரு காரணம். கட்டியங்காரன் பேசாத இடத்திலும் கூத்தில் நகை உண்டு. அது கதையின் உள்ளமைப்பிலேயே இருக்கும்போது, அதைக் காண்பதற்குக் கதையைத்தான் மீண்டும் படிக்கவேண்டும்.

வீட்டுக்குள் ஒரு வழக்கு

அரக்குமாளிகையிலிருந்து தப்பிய பாண்டவர் தாயுடன் அந்தணர் வேடத்தில் ஒரு வீட்டில் தங்குகின்றனர். ஊரின் புறத்தே வாழும் பகனுக்கு முறைவைத்து ஒவ்வொரு வீடும் ஒரு வண்டிச் சோறும் இரண்டு எருமைகளும் ஓர் ஆளும் அனுப்பவேண்டும். அன்று முறை அவ்வீட்டாருடையது. வில்லிபுத்தூரார் இதனை ஆதிபருவத்து வேத்திரகீயச் சருக்கத்தில் பாடுகிறார். வடமொழி வியாச பாரதம் அவ்வீட்டின் உள்ளே நிகழும் உரையாடலை மிக விரிவாகத் தருகிறது. கூத்துக்குக் கச்சாப்பொருளாகிய கதையின் முழு வடிவத்தை அறிய அவ்விரிவு தேவைப்படுகிறது.

துயரத்தின் உச்சியில் அந்த இல்லத்துத் தலைவன் முதலில் செய்வது மனைவியைக் குறைகூறுவது. இந்த ஊரை விட்டுப் போய்விடலாம் என்று தான் முன்பே சொன்னதாகவும், பிறந்த ஊர், தந்தை வாழும் ஊர் என்று சொல்லி அவள் மறுத்ததாகவும், அந்தத் தாய்தந்தையர் இறந்தே நெடுநாள் ஆகிவிட்டதாகவும் அவன் நினைவூட்டுகிறான். அசுரன் வாசலில் நிற்கும்போது மாமியார் வீட்டுக் கணக்கைத் திறக்கும் கணவன் இவன். கேட்பவருக்கு இரக்கமும் சிரிப்பும் ஒருசேர எழும் இடம் இது. தமிழ்க் குடும்ப நாடகங்களைப் பார்த்துப் பழகிய எவருக்கும் இக்குரல் புதிதன்று.

அடுத்து ஒவ்வொருவராகத் தானே போவதாக முன்வருகின்றனர். தந்தை தன்னை விட்டால் குடும்பம் அழியும் என்கிறான்; தாய் தன்னை அனுப்பினால் குழந்தைகளைத் தந்தை காப்பான் என்கிறாள். மகள் தன்னை அனுப்புவதே முறை என்று வாதிடுகிறாள். மூவரும் அழுகின்றனர். அப்போது மழலை மாறாத சிறுவன் ஒரு புல்லை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய் அழவேண்டாம் என்கிறான். இந்தப் புல்லாலேயே அந்த அரக்கனைக் கொல்வேன் என்கிறான். அத்தனைத் துயரத்திலும் அவர்களுக்குள் மகிழ்ச்சி எழுகிறது.

தொல்காப்பியம் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. இவற்றுள் இளமை என்பது சிறுபிள்ளைத் தன்மை கண்டு எழும் சிரிப்பு. புல்லேந்திய சிறுவன் அதற்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லாத அளவுக்குப் பொருந்துகிறான். இங்கே நகை துயரத்தை மாற்றவில்லை. முறை இன்னும் அவ்வீட்டாருடையதுதான். ஆனால் காட்சியின் திசை மாறுகிறது. கண்ணீரோடு நின்ற பெற்றோர் ஒரு கணம் பார்வையாளராகின்றனர். பிள்ளையை ஒரு வீரனாகக் கற்பனை செய்து மகிழும் பெற்றோரின் தொடக்கம் அந்தக் கணத்தில்தான் இருக்கிறது. அவ்வீட்டில் அது விளையாட்டாக நின்றுவிடுகிறது. அடுத்த அறையில் கேட்டுக்கொண்டிருக்கும் குந்தியிடம் அது உண்மையாகிறது.

குந்தியின் கணக்கு

குந்தி வந்து, தனக்கு ஐந்து பிள்ளைகள் உண்டு, அவருள் ஒருவன் போவான் என்கிறாள். விருந்தினரின் பிள்ளையைப் பலியிடுவது பாவம் என்று அந்தணன் மறுக்கிறான். நூறு பிள்ளைகள் இருந்தாலும் ஒருவன்கூடத் தனக்கு வேண்டாதவன் ஆகமாட்டான் என்ற பொருளில் அவள் விடையிறுக்கிறாள். தன் மகனின் ஆற்றல் தனக்குத் தெரியும் என்றும், இச்செய்தியை வெளியே சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறாள்.

தாய் மகனைப் போருக்கு அனுப்பும் காட்சி தமிழுக்குப் பழையது. தன் குடியின் ஆடவரைப் போர்களில் இழந்தவள் ஒரே மகனை எண்ணெய் தடவித் தலைவாரி வேல் கொடுத்து அனுப்புவதை ஒக்கூர் மாசாத்தியார் பாடினார் (புறநானூறு 279). பெற்று வளர்ப்பது தொடங்கிப் போர்க்களத்தில் யானையை வென்று மீள்வது வரை தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் ஆகியோருக்குக் கடமைகளைப் பங்கிட்டவர் பொன்முடியார் (புறநானூறு 312). அவ்விரு பாடல்களிலும் மெய்ப்பாடு பெருமிதம். அங்கே சிரிப்புக்கு இடமில்லை. சிரித்தால் பாடலே உடைந்துவிடும். பகாசுரன் கதையில் அதே செயல் நகையின் பக்கம் சாய்வது ஏன்?

தருமன் இரந்து திரும்பி வருகிறான். பீமனின் முகக்குறிப்பைக் கண்டே ஏதோ நடக்கப்போகிறது என்று ஊகித்து, தாயைத் தனியே அழைத்து வினவுகிறான். செய்தி அறிந்ததும் சினக்கிறான். துன்பத்தால் தாயின் அறிவு மயங்கிவிட்டதோ என்கிறான். அவனது வாதத்தைக் கூர்ந்து பார்க்கவேண்டும். பீமனின் தோள்வலியை நம்பித்தான் நாம் உறங்குகிறோம். அவனை நினைத்துத்தான் துரியோதனன் உறங்காமல் இருக்கிறான். அவனை வைத்தே நாட்டை மீட்க எண்ணியிருக்கிறோம் என்பது அதன் சாரம். தம்பி சாவான் என்ற துயரத்தைவிடக் காவல் போய்விடும் என்ற கவலை இதில் முந்தி நிற்கிறது. குந்தியின் மறுமொழியும் கணக்காகவே அமைகிறது. பிறந்த சில நாளில் தன் மடியிலிருந்து மலைமேல் விழுந்த குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, பாறைதான் நொறுங்கியது என்று நினைவூட்டுகிறாள். அரக்குமாளிகையிலும் இடும்பனிடத்தும் அவன் செய்தவற்றை எடுத்துக்காட்டுகிறாள்.

மகனின் குழந்தைப் பருவத்துச் சாதனையை எடுத்துச் சொல்லும் தாய், அவனை நம்பித் திட்டம் தீட்டியிருக்கும் அண்ணன் ஆகிய இருவருக்கும் நடுவே பீமனைப் பற்றிய பேச்சு நடக்கிறது. பீமனோ மகிழ்ச்சியாக இருக்கிறான். அவனது மகிழ்ச்சிக்குக் காரணம் முன்பே கதையில் சொல்லப்பட்டுவிட்டது: இரந்து வந்த உணவில் பாதி பீமனுக்கு, மறுபாதி மற்ற ஐவருக்கு என்பது குந்தியின் அன்றாடப் பங்கீடு. பாதியும் அவனுக்குப் போதவில்லை. வண்டி நிறையச் சோறு என்பது அவன் காதில் விழும்போது அசுரன் என்ற சொல் பின்னுக்குப் போய்விடுகிறது. ஆகவே குந்தி மகனைச் சாவுக்கு அனுப்புகிறாளா, சாப்பாட்டுக்கு அனுப்புகிறாளா என்ற ஐயம் கதையில் தங்கிவிடுகிறது. நகை பிறப்பது இந்த ஐயத்தில்தான். பெருமிதத்துக்கு ஐயம் ஆகாது. நகைக்கு ஐயமே உணவு.

இது எளிய வேடிக்கை அன்று. பசித்த பிள்ளைக்கு வீட்டில் சோறு போதாமையால் அவனை வெளியே அனுப்பும் வறுமை இதனடியில் உள்ளது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் உணவும் தங்குமிடமும் பயிற்சியும் தரப்படுகின்றன. பிள்ளை ஆட்டத்தில் சிறப்பான் என்ற நம்பிக்கையும், மூன்று வேளை உண்பான் என்ற நிம்மதியும் ஒரே மனத்தில் இருப்பதை இந்நாட்டுப் பெற்றோருக்கு விளக்கவேண்டிய தேவை இல்லை.

மேலும் ஒன்று. ஏகசக்கரத்துக்கு வருமுன்பே இடும்பியிடம் கடோற்கசனைப் பெற்றவன் பீமன். குந்தியின் பிள்ளையாக வண்டியேறுகிறவன் அப்போதே ஒரு தந்தை. மகனைக் காட்டில் விட்டுவிட்டு வந்த தந்தை. அந்த மகனும் பின்னர்ப் போருக்கு அழைக்கப்பட்டுக் கர்ணனின் வேலுக்கு இரையாகிறான். பகாசுரன் வதையில் சிரிப்பாக முடிவது அங்கே சிரிப்பாக முடிவதில்லை.

ஊர் ஊட்டும் பிள்ளை

கூத்தில் இக்கதை வண்டியாக உருவெடுக்கும்போது ஒரு பெரிய மாற்றம் நிகழ்கிறது. கதையில் சோறு அனுப்புவது ஒரு வீடு. விழாவில் அனுப்புவது ஊர் முழுவதும். வண்டி செல்லும் தெருக்களில் வீட்டார் உணவுப் பொருள்களைத் தருகின்றனர். பீமன் வேடமிட்டவர் தின்றுகொண்டே வருகிறார்; சிறுவர்கள் வண்டியின் பின்னே ஓடுகின்றனர். ராகிக் களியைப் பேருணவாகக் கொண்ட மேட்டுநிலத்தில் ஒரு வண்டிச் சோறு என்பதே ஒரு காலத்தில் கனவுக்குரிய காட்சியாக இருந்திருக்கும்.

இவ்வண்டி கடக்கும்போது பார்வையாளர் யார்? களரியின் முன் அமர்ந்து பார்ப்பவர் கதைக்கு வெளியே இருப்பவர். தன் வாசலில் நின்று வண்டிக்குச் சோறு போடுபவரோ ஏகசக்கரத்துக் குடிமகன். அவர் பகனுக்கு வரி கட்டுகிறார். தன் வீட்டுப் பிள்ளைக்குப் பதிலாக வேறொருத்தியின் பிள்ளை போவதைக் கண்டு சிரிக்கிறார். கூத்து அவரைக் குற்றம் சொல்வதில்லை. ஆனால் அச்சிரிப்பில் நிம்மதி கலந்திருப்பதை மறைப்பதும் இல்லை. வேடிக்கை என்று கடந்துவிட முடியாதது இந்த இடம்.

பகனுக்கு முன்னே பீமன் உண்ணும் காட்சி எள்ளலின் உச்சம். பெயர் சொல்லி அழைத்துவிட்டு, அவனுக்கு வந்த சோற்றைத் தானே உண்கிறான். பகன் இரு கைகளாலும் முதுகில் அறைகிறான். பீமன் திரும்பிப் பார்க்காமல் உண்கிறான். மரத்தைப் பிடுங்கி வருகிறான். பீமன் உண்டு முடித்துக் கைகழுவிய பிறகே எழுகிறான். தாய் ‘சாப்பிட்டுவிட்டுப் போ’ என்று சொல்லி வளர்த்த பிள்ளையின் ஒழுங்கு இதில் தெரிகிறது என்று சொன்னால் அது முற்றிலும் நகைச்சுவைக்காகச் சொன்னதாகாது. கூத்தில் மற்போருக்கு முன்னுள்ள இந்த உணவு நேரத்தை எவ்வளவு நீட்டுகிறார் என்பதில்தான் பீமன் வேடக்காரரின் திறமை அளக்கப்படவேண்டும். அடி விழ விழ உருண்டை சிறிதும் அவசரப்படாமல் வாய்க்குப் போகவேண்டும்.

பனித்தளத்தின் ஓரத்தில்

பிள்ளையின் ஆட்டத்தைப் பெற்றோர் பக்கமிருந்து காட்டும் மேடை நகைச்சுவை வேறு நிலங்களிலும் உண்டு. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தைச் சேர்ந்த மைக்கேல் மெல்ஸ்கியின் ‘ஹாக்கி மாம், ஹாக்கி டாட்’ என்னும் நாடகம் இருவர் மட்டுமே நடிப்பது. துணையின்றிப் பிள்ளை வளர்க்கும் ஒரு தாயும் ஒரு தந்தையும் பிள்ளைகள் ஆடும் பனி ஹாக்கித் தளத்தின் இருக்கைகளில் சந்திக்கின்றனர். பிள்ளைகள் மேடைக்கு வருவதில்லை. ஆட்டம் பெற்றோரின் முகத்திலும் கூச்சலிலும் மட்டுமே நிகழ்கிறது.

தமிழ்நாட்டு வாசகருக்கு ஹாக்கி என்றால் புல்தரை. கனடாவில் அது உறைந்த நீர்மேல் சறுக்கிக்கொண்டு ஆடுவது. உடல் மோதலுக்கு விதியிலேயே இடமுள்ள ஆட்டம். அங்கே பிள்ளையை அதில் சேர்ப்பது விடியற்காலைப் பயிற்சி, விலைமிகுந்த காப்புறைகள், குளிரில் காத்திருத்தல் ஆகியவற்றைப் பெற்றோர்மீது சுமத்துகிறது. பிள்ளை ஆடப் பெற்றோர் கூச்சலிடும் காட்சி அந்நாட்டில் ஒரு சமூக வகைமாதிரியாகவே ஆகிவிட்டது; நாடகத்தின் தலைப்பே அதற்குச் சான்று.

இவ்விரு மேடைகளும் எதிரெதிர் வழிகளில் செல்கின்றன. மெல்ஸ்கி ஆட்டத்தை மறைத்துப் பெற்றோரைக் காட்டுகிறார். கூத்தின் வண்டியோ பெற்றோரைப் பின்னே விட்டுவிட்டுப் பிள்ளையைக் காட்டுகிறது; சோறு ஏறியபின் குந்திக்கு வேலை இல்லை. கனடிய நாடகத்தின் நகை மடன் வகையினது. கொண்டதை விடாமை என்று உரையாசிரியர் மரபு மடனுக்குத் தரும் விளக்கம், தன் பிள்ளை சிறந்தவன் என்ற எண்ணத்தை எச்சான்றாலும் விடாத பெற்றோருக்கு அப்படியே பொருந்தும். குந்தியிடம் அந்த மடன் இல்லை. பாறை நொறுங்கியதை அவள் கண்டிருக்கிறாள். அவள் சொல்வது தாயின் பிதற்றல் போலத் தொனித்தாலும் முழுக்க உண்மை. தருமன் அதை மடன் என்று எண்ணியதுதான் பேதைமை. இவ்வாறு நகையின் நிலைக்களன் தாயிடமிருந்து மூத்த மகனுக்கு மாறிவிடுவது பாரதக் கதையின் நுட்பம். இவ்விடத்தில் கனடிய நாடகத்தைவிடக் கூத்தின் கதை ஒரு படி துணிந்தது என்று கூறலாம். பெற்றோரின் பெருமையைச் சிரிப்பதும் சிரித்துவிட்டு மன்னிப்பதும் எளிது. அப்பெருமை சரியாகவே இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி கடினமானது.

மெல்ஸ்கியின் நாடகம் மேலோங்கும் இடமும் ஒன்று உண்டு. காத்திருக்கும் பெற்றோரின் தனிமையை அது மேடையாக்குகிறது. வண்டி போனபின் குந்தி என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதைக் கூத்து கேட்பதில்லை. அக்கேள்வியைக் கேட்கும் ஒரு நவீனத் தமிழ் நாடகம் எழுதப்படுமானால் அதற்கு இவ்விரண்டும் துணையாகும்.

மகளின் வாதம்

புல்லேந்திய சிறுவன் பேசுவதற்கு முன்னர்ப் பேசியவள் மகள். அவளது வாதம் கதையில் மிகச் செறிவானது. எப்படியும் ஒரு நாள் பிறர்க்குக் கொடுத்துவிடப்படவேண்டியவள் தான். அதை இன்றே செய்துவிட்டால் மற்ற மூவரும் பிழைப்பர். தம்பி இறந்தால் குலத்தின் நீர்க்கடன் அறும். பெற்றோர் இறந்தால் இரு குழந்தைகளும் அழிவர். தான் இறந்தால் எவர்க்கும் இழப்பில்லை. மகன் தன் உயிர், மனைவி தோழி, மகள் துன்பம் என்று உலகம் சொல்வதையும் அவளே எடுத்துரைக்கிறாள். தன்னைத் துன்பம் என்று கூறும் பழமொழியைத் தன் சாவுக்குச் சான்றாக ஆள்கிறாள்.

பெண் சிசுக்கொலைக்காகப் பெயர் அடிபட்ட மாவட்டங்களில் தருமபுரியும் ஒன்று. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் இம்மாவட்டத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. இந்நிலத்தில் இக்கதை ஆடப்படும்போது அப்பெண்ணின் வாதம் பழங்கதையின் ஓர் அலங்காரமாக மட்டும் இருக்க முடியாது. பெற்றோர் அவளை அனுப்ப ஒப்புவதில்லை என்பது உண்மை. தந்தை மகனையும் மகளையும் ஒப்ப நேசிப்பதாகவே கூறுகிறான். ஆயினும் அவள் சொன்ன காரணங்களை எவரும் ஒவ்வொன்றாக மறுப்பதில்லை. மறுக்கவேண்டிய நேரத்தில் மூவரும் அழுகின்றனர், அழுகையின் நடுவே தம்பி வந்துவிடுகிறான், சிரிப்பு வந்துவிடுகிறது.

இளமை காரணமாகப் பிறந்த அந்நகையை முன்னர்ப் பாராட்டியது தவறன்று. ஆனால் அதன் விலை இப்போது தெரிகிறது. மகனின் மழலை வீடு முழுவதையும் தன்பால் இழுத்துக்கொள்கிறது. குந்தி உள்ளே வருவதும் அந்தச் சிரிப்பின் தருணத்தில்தான். அவள் தன் ஐந்து மகன்களைப் பற்றிப் பேசுகிறாள். அந்தணன் பாவத்தைப் பற்றிப் பேசுகிறான். பின்னர்த் தருமன் நாட்டைப் பற்றிப் பேசுகிறான். வண்டியில் சோறு ஏறுகிறது. ஆண்களே பெண்வேடம் கட்டிவந்த கூத்து மரபில், மகள் வேடத்தைச் சேர்க்கும் குழு எதுவாயினும், பீமன் வண்டி நகரும்போது அவளை எங்கே நிறுத்துவது என்ற முடிவை எடுத்தாகவேண்டும். கதை அதற்கு எந்தக் குறிப்பும் தரவில்லை. தம்பி புல்லை நீட்டிய பிறகு அவள் பேசுவதே இல்லை.